ரத்த சொந்தமா என்று கேட்டோம்

நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆய்வு நிறுவனத்தில், மனித மரபணுத் தரவுக் களஞ்சியத்தை ஏதோ ஒரு பெரிய கம்பெனியின் வாடகைக் கணினிகளுக்கு மாற்றுகிறார்களாம். பழைய சர்வர் அறையைக் காலி செய்யும் நாளில் ஒரு மலர் வெளியிடப் போகிறார்கள். "மேடம், ஆரம்பத்துலேர்ந்து இதைக் கட்டினவங்க நீங்கதான். உங்க இனிய நினைவுகளை எழுதிக் கொடுங்க" என்று கவிதா போனில் கேட்டாள். எனக்குக் கீழே வேலை பார்த்தவள், நல்ல பெண். இனிய நினைவு கைவசம் இல்லை, கசப்பாக இருந்தால் பரவாயில்லையா என்று கேட்டேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

இப்போது தென்காசியில் இருக்கிறேன். குற்றாலத்தில் சீசன். ஊருக்குள் வண்டி நகர இடமில்லை, கடைக்குப் போய் ஒரு தேங்காய் வாங்கி வருவதற்குள் பொழுது போய்விடுகிறது. வெளியே தலைகாட்ட முடியாத இந்த நாட்களில் எழுதி முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். மலரில் இதைப் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பாளையங்கோட்டையில் கணிதம், பிறகு கணினி, பிறகு சென்னையில் ஒரு வங்கிக்கு மென்பொருள் எழுதும் வேலை. அது அலுத்துப்போய், ஒரு விளம்பரத்தைப் பார்த்து இங்கே விண்ணப்பித்தேன். உயிரியல் எனக்குப் பத்தாம் வகுப்போடு சரி. "உயிரியலை நாங்க பாத்துக்கறோம். உங்களுக்குக் கோப்பு தொலையாம வச்சுக்கத் தெரியுமா?" என்று நேர்காணலில் கேட்டார்கள். தெரியும் என்றேன். அந்த ஒரு பதிலோடு மீதி வாழ்க்கை போயிற்று.

நாங்கள் கட்டியது என்ன என்பது என் வீட்டுக்காரருக்கே பல வருடம் புரியவில்லை. "கம்ப்யூட்டருக்குள்ள ரத்தத்தப் போட்டு வைக்காவளாம்" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். விஷயம் எளிதுதான். ஒவ்வொருவர் உடம்பிலும் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளாக மிக நீளமான ஓர் எழுத்து வரிசை இருக்கிறது. ஆளுக்கு ஆள் அதில் அங்கங்கே எழுத்து மாறும். பெரும்பாலான மாற்றங்களால் ஒரு கெடுதலும் இல்லை. சிலவற்றால் நோய் வரும். ஒரு மாற்றம் ஆரோக்கியமாக நடமாடும் பலரிடம் இருந்தால் அதன்மேல் பழி போட முடியாது. யாரிடமுமே இல்லையென்றால் சந்தேகப்படலாம். ஆகவே பல ஊர்களிலிருந்தும் ஆரோக்கியமானவர்களின் வரிசைகளைச் சேர்த்து, ஒரே முறையில் சரிபார்த்து, எந்த மருத்துவரும் எந்த ஆய்வகமும் வந்து "இந்த மாற்றம் எத்தனை பேரிடம் இருக்கிறது?" என்று கேட்கும்படி ஒரு பொதுக் களஞ்சியம் அமைத்தோம். பெயர் தெரியாது, முகம் தெரியாது. எண்ணிக்கை மட்டும் பதிலாக வரும்.

கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு ஆய்வகமும் தன் வீட்டு வழக்கப்படி கோப்பை அனுப்பும். ஒரு மென்பொருள் வரிசையின் முதல் எழுத்தை ஒன்று என்று எண்ணும், இன்னொன்று பூஜ்யம் என்று எண்ணும். இரண்டையும் அப்படியே சேர்த்தால் எல்லாருடைய எழுத்தும் ஒரு இடம் தள்ளி உட்கார்ந்துவிடும். யாருக்கும் சந்தேகமே வராது. அதனால் வரும் கோப்பு எதையும் நான் நேராக உள்ளே விட்டதில்லை. முதலில் அனுப்பிய கோப்பும் வந்த கோப்பும் ஒன்றுதானா என்று பார்ப்போம். எந்த ஆதார வரிசையோடு ஒப்பிட்டார்கள் என்று பார்ப்போம். ஆண் என்று பதிந்த ரத்த மாதிரி ஆணுடையதுதானா, ஒரே ஆளின் ரத்தம் இரண்டு பெயரில் வந்திருக்கிறதா என்று பார்ப்போம். கடைசியாக, அந்த ஆள் தன் குடும்பத்தைப் பற்றிச் சொன்னதும் மரபணு சொல்வதும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்போம். இவ்வளவும் முடிகிறவரை கோப்பு ஒரு தனி இடத்தில் காத்திருக்கும். அந்த இடத்துக்கு நான் 'தார்சா' என்று பெயர் வைத்தேன். எங்கள் பக்கத்து வீடுகளில் வந்தவர்களை முதலில் உட்கார வைக்கும் முன்கூடம் அது. சென்னைப் பிள்ளைகள் அதை ஏதோ ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்து என்று நினைத்துக்கொண்டார்கள். இயக்குநர் ஒரு வெளிநாட்டுக் கூட்டத்தில் அதற்கு விரிவே சொல்லிவிட்டார். நானும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன், அது ஒரு சந்தோஷம்.

இயக்குநர் சுகுமாரன் சாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் கத்தி யாரும் கேட்டதில்லை. முடியாது என்ற சொல்லும் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. நாம் ஒன்றைச் சொன்னால் கண்ணாடியைக் கழற்றுவார், கைக்குட்டையால் இரண்டு பக்கமும் துடைப்பார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், திரும்பப் போட்டுக்கொள்வார். "நல்ல கேள்வி, வடிவு. குறிப்புல ஏத்துங்க" என்பார். அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார். குறிப்பில் ஏறியது எதுவும் அதிலிருந்து இறங்கி நான் பார்த்ததில்லை. திட்டுகிற மேலதிகாரியிடம் திருப்பியாவது சண்டை போடலாம். இவரிடம் பேசிவிட்டு வெளியே வந்தால், ஜெயித்துவிட்டோம் என்றே தோன்றும். இரண்டு நாள் கழித்துத்தான் ஒன்றும் நடக்கவில்லை என்று தெரியும்.

தென்காசியில் மாதிரி எடுக்கலாம் என்று சொன்னது நான். களஞ்சியத்தில் எல்லா ஊரும் இருக்கிறது, எங்கள் ஊர் மட்டும் ஏன் இல்லை என்று எனக்கு ஒரு ஆதங்கம். அதை மட்டும் உடனே ஏற்றுக்கொண்டார்கள். தென்காசியில் ஒரு கல்யாண மண்டபத்திலும், சீசன் இல்லாத மாதத்தில் குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் கூடத்திலும் முகாம் நடந்தது. முகாம் மருத்துவர் ஒவ்வொருவரையும் பரிசோதித்து, ஆரோக்கியமானவர் என்று உறுதி செய்த பிறகே ரத்தம் எடுக்க வேண்டும். அதை எடுத்தவள் நூர்ஜஹான். தென்காசிக்காரி, ஒப்பந்த வேலை, ஊசி குத்தியதே தெரியாது. நெசவாளர்கள், கடைக்காரர்கள், விவசாயிகள், அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் என்று எல்லாரையும் பேசிப் பேசியே கூட்டி வந்துவிட்டாள். "நாளைக்கு நம்ம பிள்ளையளுக்கு ஒரு சீக்குன்னா டாக்டருமாரு இதுல பாத்துத்தாம் சொல்லுவாவளாம். நாம இல்லாட்டா எப்படிச் சொல்லுவாவ?" என்று அவள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் சொல்லிக்கொடுத்ததைவிடத் தெளிவாக இருந்தது.

கேள்விகளை ஒரு டேப்லெட்டில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். வேறு ஊரில் யாரோ மொழிபெயர்த்தது. அதில் ஒன்று, "உங்கள் பெற்றோர் இரத்த உறவினர்களா?" நூர்ஜஹான் அதைப் பேச்சு வழக்கில் "உங்க அம்மாவும் அப்பாவும் ரத்த சொந்தமா?" என்று கேட்டாள். அநேகமாக எல்லாரும் இல்லை என்றார்கள்.

தென்காசிக் கோப்புகள் தார்சாவுக்கு வந்தன. எல்லாச் சோதனையிலும் தேறி, கடைசிச் சோதனையில் மொத்தமாக விழுந்தன. இல்லை என்று சொன்னவர்களில் பெரும்பாலோருடைய மரபணுவில் அம்மா வழிப் பிரதியும் அப்பா வழிப் பிரதியும் நீள நீளமாக ஒத்துப்போயின. பெற்றோர் நெருங்கிய உறவு என்று கணினி சொன்னது. உறவு என்று சொல்லியிருந்தால் அதற்கு ஒரு அடையாளம் போட்டு உள்ளே விட்டிருப்போம், அதற்கு வழி இருந்தது. இல்லை என்று சொல்லிவிட்டு மரபணுவில் உறவு இருந்ததுதான் பிரச்சினை. சொன்னதும் மரபணுவும் ஒத்துப்போகாவிட்டால் மாதிரியைச் சந்தேகி என்பது விதி. கூட்டத்தில் ஒருவர் சொன்னார்: "களத்துல இருந்த பொண்ணு சொந்தத்துக்குள்ளயே கட்டிக்கிற ரெண்டு மூணு குடும்பத்தையே சுத்திச் சுத்தி எடுத்துட்டு, வேற வேற விலாசமும் போட்டு, சொந்தம் இல்லைன்னும் எழுதியிருப்பா. இதெல்லாம் நடக்கறதுதான்." எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும், நானே பக்கத்தில் இருந்து பார்த்தேன் என்றேன். சுகுமாரன் சார் கண்ணாடியைத் துடைத்தார். நூர்ஜஹானின் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிந்தது. காரணம் என்ன என்று முகாமோடு தொடர்புள்ள ஆஸ்பத்திரிகளுக்கும் தகவல் போயிற்று.

லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். நூர்ஜஹான் அழுது முடித்திருந்தாள். அவளையே கூட்டிக்கொண்டு, ரத்தம் கொடுத்தவர்களின் வீடுகளுக்குப் போனேன். முதலில் பார்த்தது குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கும் சாமித்துரை அண்ணாச்சியை.

"அண்ணாச்சி, அன்னைக்குக் கேட்டோமே, உங்க அம்மாவும் அப்பாவும் ரத்த சொந்தமான்னு. என்ன சொன்னிய?"

"இல்லன்னு சொன்னேன்."

"உங்க அம்மா யாரு மக?"

"எங்க அப்பாவுக்குச் சொந்தத் தாய்மாமன் மக."

"அப்பம் சொந்தம்தானே?"

"சொந்தம்தான், யாரு இல்லங்கா? நீங்க ரத்த சொந்தமான்னுல்லா கேட்டிய! ரத்தம்னா பங்காளி, அண்ணன் தங்கச்சி முறை. அதுக்குள்ள எவனாச்சும் பொண்ணு எடுப்பானா? இந்தப் பிள்ள கேக்கவும் எனக்குச் சுருக்குன்னு வந்துட்டு. ஊசி வச்சிருக்கே, பொம்பளப் பிள்ளயா வேற இருக்கேன்னு பேசாம இருந்தேன்."

நூர்ஜஹான் வாயில் கை வைத்தபடி நின்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. என் வீட்டுக்காரர் என் சொந்த அத்தை மகன். எங்களை யாராவது அப்படிக் கேட்டிருந்தால் நானும் இல்லை என்றுதான் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லியிருப்பேன். மாமன் மகளும் அத்தை மகனும் கட்டிக்கொள்கிற முறை, ரத்தம் என்பது கட்டிக்கொள்ளக் கூடாத முறை. ஒரு ஊரே உண்மையைச் சொல்லியிருக்கிறது. அதற்குப் பொய்யர் பட்டம் கொடுத்துவிட்டோம். அடுத்துப் போன வீடுகளிலும் இதே கதைதான். நூர்ஜஹான் வீட்டாட்களும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். அவளுடைய அக்கா தன் மகனுக்குத் தன் நாத்தனார் மகள் சபீனாவைக் கட்டியிருந்தாள்.

திரும்பிப் போய் இயக்குநரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. "அருமை, வடிவு! இது தனிக் கட்டுரையா எழுத வேண்டிய விஷயம்" என்றார். கட்டுரை இருக்கட்டும், மாதிரிகளை உள்ளே விடலாமா என்றேன். "களஞ்சியத்தோட புது வெளியீட்டுத் தேதி நெருங்கிடுச்சே. அடுத்த வெளியீட்டுல பாப்போம். குறிப்புல ஏத்துங்க." நூர்ஜஹான்மேல் தப்பில்லை என்று ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு வரி அனுப்பச் சொன்னேன். அதையும் குறிப்பில் ஏற்றச் சொன்னார். அடுத்த வெளியீடு வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் தார்சாவிலேயே உட்கார்ந்திருந்தார்கள். தென்காசியில் யாரும் சேர்த்துக்கொள்ளாததால் நூர்ஜஹான் ஆலங்குளத்தில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு பஸ்ஸில் போய் வந்தாள்.

ஒரு நாள் அலுவலகத்தில் இருந்தபோது அவளிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, சபீனாவுக்கு மொதப் பிள்ள வலிப்பு வந்து மூணு மாசத்துல மவுத்தாப் போச்சுல்லா. அதுக்கு ஜீன் டெஸ்ட் எடுத்தாவ. ஒரு எழுத்து ரெண்டு பக்கமும் மாறியிருக்கு, அதுதாம் காரணம்னு சொல்லிட்டாவ. இப்பம் ரெண்டாவது வயித்துல இருக்கு. அதுக்கும் ரெண்டு பக்கமும் மாறியிருக்காம். கலைக்கணுமா வேண்டாமான்னு இந்த வாரத்துக்குள்ள முடிவு சொல்லுங்கன்னுட்டாவ. நீங்க ஒருக்கா பாருங்கக்கா."

சோதனை முடிவின் படத்தை அனுப்பினாள். அதில் காரணம் எழுதியிருந்தது: இந்த மாற்றம் நாட்டின் பொதுக் களஞ்சியத்தில் ஒருவரிடம்கூடக் காணப்படவில்லை, ஆகவே நோய்க்குக் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். அவர்கள் பார்த்தது எங்கள் களஞ்சியத்தை.

தார்சாவைத் திறந்து அதே இடத்தைக் கேட்டேன். தென்காசி மாதிரிகளில் அந்த மாற்றம் சர்வசாதாரணமாக இருந்தது. ஒரு பிரதியில் மாறியவர்கள் பலர். இரண்டு பிரதியும் மாறியவர்களும் இருந்தார்கள். மருத்துவர் சோதித்து ஆரோக்கியம் என்று சொன்ன, பிள்ளை பெற்று வளர்த்த, நடுவயதுக்காரர்கள். அது நோய்க்குக் காரணம் என்றால் அவர்கள் பிறந்த சில மாதங்களிலேயே போயிருக்க வேண்டும். முதல் குழந்தை வேறெதனாலோ இறந்திருக்கிறது. எதனால் என்று இன்றுவரை தெரியாது.

அச்செடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் நிஜமாகவே ஓடினேன். சார், நிறுவனத்தின் தாளில் ஒரு கடிதம் போதும் என்றேன். அவர் பொறுமையாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"வடிவு, உங்க வேதனை புரியுது. ஆனா தரச் சோதனையில தேறாத மாதிரியை ஆதாரமாக் காட்டி நாம கடிதம் குடுக்க முடியாது."

"தேறாதது அந்த ரத்த மாதிரி இல்ல சார், நம்ம கேள்வி."

"நல்ல பாயிண்ட். ஆனா நாளைக்கு அந்தக் குழந்தை நோயோட பிறந்தா யார் பதில் சொல்றது?"

"நோயில்லாத குழந்தை போயிடுச்சுன்னா யார் சார் பதில் சொல்றது?"

அவர் கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அந்தக் கண்ணாடியைப் பிடுங்கி எறிய வேண்டும் என்று தோன்றியது. அதைச் செய்யவில்லையே என்று இன்றைக்கும் வருத்தம்தான்.

சோதனை செய்த ஆய்வகத்தைக் கூப்பிட்டேன். மரியாதையாகப் பேசினார்கள். "மேடம், உங்க களஞ்சியமே பூஜ்யம்னு சொல்லுது. நாங்க உங்களைத்தானே நம்பறோம்?" என்று அந்த மருத்துவர் கேட்டார். போனை வைத்தேன். வெள்ளைத் தாளில் எனக்குத் தெரிந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு வாட்ஸப்பில் அனுப்பினேன். அதில் நிறுவனத்தின் முத்திரை இல்லை என்று ஒதுக்கி வைத்துவிட்டார்கள்.

சபீனாவின் கணவன் துபாயிலிருந்து பேசினான். "நீங்க சொல்லுதது புரியுது மேடம். டாக்டரு காயிதத்துல இருக்கு, நீங்க வாயால சொல்லுதிய. நான் இங்கன இருந்துக்கிட்டு எத நம்பட்டும்?" என்றான். அவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? பிறகு சபீனாவைப் போனில் கூப்பிட்டேன். நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டாள்.

"இது நல்லா இருக்கும்னு சத்தியம் பண்ணுவியளா?"

"இந்த எழுத்தால ஒண்ணும் வராதுன்னு சத்தியம் பண்ணுவேன்மா."

"வேற எதாலயாச்சும் வந்தா?"

"அதுக்கு என்னால சத்தியம் பண்ண முடியாதும்மா" என்றேன்.

"ஒண்ண மண்ணுல வச்சாச்சு மேடம். கையில தூக்கி, பால் குடுத்து, இன்னொண்ணயும் வைக்க என்னால ஏலாது" என்றாள். அந்த வார இறுதியில் முடிந்துவிட்டது என்று நூர்ஜஹான் சொன்னாள்.

நான் அதன்பிறகும் வேலைக்குப் போனேன். வேலையை விட்டிருக்கலாம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். விட்டால் தார்சாவில் இருப்பவர்களை ஒருநாள் யாராவது இடத்தை அடைக்கிறது என்று அழித்துவிடுவார்கள் என்ற பயத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டேன். என்னைக் கண்டாலே பேச்சை மாற்றினார்கள். கடைசியில், தென் மாவட்டங்களின் எண்ணிக்கை ஏன் இவ்வளவு குறைவு என்று ஒரு வெளிநாட்டுக் குழு கேட்டது. அதற்குச் சுகுமாரன் சார் எழுந்து, தமிழில் ரத்தம் என்ற சொல்லுக்கும் சொந்தம் என்ற சொல்லுக்கும் உள்ள வேறுபாட்டை, பங்காளியை, தாய்மாமனை, எல்லாவற்றையும் மிக அழகான ஆங்கிலத்தில் விளக்கினார். கைதட்டினார்கள். நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் வந்த வெளியீட்டில் தென்காசி மாதிரிகள் சேர்க்கப்பட்டன. வெளியீட்டுக் குறிப்பில் 'மறுஆய்வுக்குப் பின் ஏற்கப்பட்டவை' என்று ஒரு வரி இருந்தது. நூர்ஜஹானைப் பற்றி எங்கும் எதுவும் இல்லை.

ஊருக்கு வந்து சேர்ந்த பிறகு அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாள். வெயிலில் வந்த களைப்போடு உட்கார்ந்து, ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்து முடித்தாள். "நம்ம ஊரு கணக்கயும் இப்பம் எல்லாரும் பாக்கலாமாமே. ஒருக்கா காட்டுங்கக்கா" என்றாள். மடிக்கணினியைத் திறந்து, அந்த எழுத்து இருக்கும் இடத்தின் எண்ணைத் தட்டினேன். எனக்கு அது மனப்பாடம். பூஜ்யம் இருந்த இடத்தில் எண்ணிக்கை வந்தது.

"இவ்வளவு பேரும் நம்ம ஊருதானா?"

"நம்ம ஊருதான். நீ எடுத்த ரத்தம்தான்."

"சபீனாட்ட சொன்னியா?" என்று நான் கேட்டேன். ஆய்வகம் தன் முடிவைத் திருத்தி அனுப்பியதா என்பதையும் கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

"சொல்லி என்னக்கா செய்ய?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சரிபார்ப்பவள்போல அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கொறையுதுக்கா" என்றாள்.